தீர்மானம் எண் நான்கு

ஒன்பது ஊர், ஒரே கணக்கு.
பந்தலூரில் ரேஷன் கடைக்கு மேல் மாடியில்
மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதம்
ஒன்பது சீட்டுப் பணத்தையும் கொட்டி எண்ணி
ஒரே பாஸ்புக்கில் போட்டோம்.
ஒரே வட்டி. ஒரே தேதி. ஒரே அபராதம்.
சட்டதிட்டம் எழுதியவள் நான்,
கையெழுத்து அழகு என்று என்னிடம் தந்தார்கள்.
வட்டியில் மிஞ்சுவதை வைத்து
அய்யன்கொல்லி பால்வாடிக்கு வாரம் மூன்று முட்டை,
பேறுகாலத்துக்கு மூன்று மாதப் படி,
யானை நிற்கும் சாலையில்
ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஜீப்.
அன்று எல்லோருக்கும் லட்டு. தேவாலாக்காரிகள் வாங்கி வந்தது.

மறு வருஷம் பச்சைத் தேயிலை
இருபத்திரண்டிலிருந்து பதினொன்றுக்கு விழுந்தது.
தேவாலாவுக்கு மிளகு இருந்தது, கடைவீதி இருந்தது.
எருமாட்டுக்கு வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வந்தது.
சேரம்பாடிக்கு இலை மட்டும்.
மூன்று தவணை நின்றது.
வங்கி அனுப்பிய கடிதத்தில்
சேரம்பாடி என்ற பெயரே இல்லை.
கூட்டமைப்பு என்றுதான் போட்டிருந்தான்.

முதலில் பேசியவள் தேவாலா ரம்லத்.
"நாங்க கட்டினோம். கட்டினவ எதுக்குத் தலை குனியணும்?"
பொய்யில்லை.
அவள் மகளின் வளையல் அடகில் இருந்தது எனக்குத் தெரியும்;
அதை அவள் சொல்லவில்லை.

சேரம்பாடி தங்கேஸ்வரி எழுந்தாள்.
விரலெல்லாம் இலைக்கறை, பேச்சில் இன்னும் கொஞ்சம் பதுளை.
"சீட்டு எங்களுதா இருந்தப்போ
விலை விழுந்தா வட்டிய நாங்களே குறைப்போம்,
தேதியத் தள்ளுவோம்,
இந்த மாசம் சீட்டே வேணாம்னு உட்கார்ந்துக்குவோம்.
இப்ப தேதியும் ஒங்ககிட்ட, வட்டியும் ஒங்ககிட்ட.
எங்க கையில குறைக்க மிஞ்சினது
ஒலையில போடுற அரிசி.
அதையும் குறைச்சாச்சு."

கீழே சர்க்கரை மூட்டை இறக்கும் சத்தம்.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாமா?
கை உயரவில்லை.
சேரம்பாடியை விலக்கிவிடலாமா?
அதற்கும் உயரவில்லை.
வங்கிக்கு மனு கொடுக்கலாம்;
மேனேஜர் மாற்றலில் போய்விட்டார்.
அய்யன்கொல்லிக்குக் கடைசி பஸ் நாலரைக்கு.
நாலு பத்துக்கு
முட்டை வாரம் ஒன்றானது,
படி ஒரு மாதமானது,
ஜீப் பகலில் மட்டும்.

முட்டை தின்கிறவர்கள் யாரும் அந்த மாடியில் இல்லை.
வாயும் வயிறுமாக ஒருத்தி இருந்தாள்,
உப்பட்டி சிவனம்மாள்.
அவளும் கை தூக்கினாள். எண்ணி முடித்த பிறகும்
இறக்க மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தற்காலிகமாக' என்று சேர்த்து எழுதினேன்.
அந்த ஒரு சொல்லில்
என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

ஐப்பசியில் இலை பதினாலானது.
வங்கி கணக்கைத் திறந்துவிட்டது,
ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி.
சிவனம்மாளுக்குப் பகலில்தான் வலி எடுத்தது, நல்லவேளை.
நல்லவேளை என்று நானும் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை பால்வாடிக் கணக்கு பார்க்கப் போனேன்.
அமராவதி டீச்சர்
அவித்த முட்டையை நூலால் அறுத்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றை மூன்றாக.
திங்கள், புதன், வெள்ளி;
பிள்ளைகளுக்குப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்றாள்.
மஞ்சள் எல்லாத் துண்டிலும் வர வேண்டுமாம்,
இல்லாவிட்டால் அடித்துக்கொள்கிறார்களாம்.

பதிவேட்டில் 'வாரம்' என்ற கட்டத்தில்
மூன்று என்று போடுவதா, ஒன்று என்றா?
பேனாவை மூடிவிட்டு
அவள் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.