பருவச் சீட்டு

இரண்டாயிரத்து நானூறு இருக்கை.
போன வருசம் அறுநூறு.
நடுவில் ஒரு மாரி,
நாற்பது லோட் கருங்கல்,
கனடாவிலிருந்து ஒரு காசோலை.

இனி நிரப்புவது என் வேலையாம்.
நான் கழகத்துப் பொருளாளர்,
பகலில் கூட்டுறவுச் சங்கத்தில்
அரிசி மூடை எண்ணுகிறவள்.

தலைவர் கனகசூரியம் சொன்னார்:
"மூவாயிரம் போடும் பிள்ளை.
விலை குறைஞ்சால் சனம் மதியாது."
செயலாளர் றமீஸ் சொன்னான்:
"சும்மா குடுங்க. முதல்ல நிரம்பட்டும்.
ஆளில்லாத கடைக்கு ஆர் வருவான்?"
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.
இரண்டும் சரியாயிருந்ததுதான் இடைஞ்சல்.

சொந்த மைதானத்தில் ஒன்பது மெட்ச்.
வாசலில் வாங்கினால் இருநூறு,
ஒன்பது தரம், ஆயிரத்து எண்ணூறு.
அதில் முந்நூறு தள்ளினேன்:
மழைக்கு ஒரு நூறு,
தோற்பதற்கு ஒரு நூறு,
மிச்ச நூறு
பந்து உருள முன்பே காசை நீட்டுகிற
அந்தப் பைத்தியத்துக்கு எங்கள் மரியாதை.
ஆயிரத்து ஐந்நூறு.
எழுதிய பிறகுதான் நினைத்தேன்,
பள்ளிச் சப்பாத்து என்றால்
ஒரு காலுக்குக் காணும்.

விற்றது முந்நூற்றுப் பதினொன்று.
றமீஸ் கேட்டபடி
வங்கிக்கும் கச்சேரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும்
சும்மா கொடுத்தது தொள்ளாயிரம்.

பிறகு திருக்கடலூர் அல்போன்சஸ் வந்தார்.
முழங்கையில் செதில் காய்ந்திருந்தது.
"ஒரேயடியாத் தர ஏலாது தங்கச்சி.
வலை இழுக்கிற நாளில
ஐம்பது ஐம்பதாத் தாறன்."
ஒரு சீ.ஆர். கொப்பி திறந்தேன்.
அடுத்த கிழமை அவருடைய மச்சான்,
அதற்கடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து
ஓட்டோ ஓடுகிற மூன்று பேர்,
பாலையூற்றில் தையல் கடை வைத்திருக்கும் சுபத்திரா
("எனக்கில்லை, மகளுக்கு. அவள் கோலி").
கச்சான் பலத்த நாட்களில் கொப்பி சும்மா கிடந்தது.
காற்றுத் தணிந்ததும் தாள் நனைந்த நோட்டுகள்
மீன் மணத்தோடு வந்தன.
மாதம் முடிய நூற்று நாற்பது பெயர்.

முதல் மெட்ச்.
பெரியவர் சட்டைக்குள் சின்னப் பிள்ளை மாதிரி
காலரிக்குள் நானூறு பேர்.
இலவசச் சீட்டுக்காரரின் வரிசைகளில்
வெயில் மட்டும் காலை நீட்டி இருந்தது.
தலைவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் மைதானத்தைப் பார்க்கவில்லை.
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மெட்சுக்கு மழை.
அன்றைக்குத்தான் கண்டேன்:
காசு கொடுத்தவன் குடையோடு வந்தான்.
கொப்பிக்காரர் வந்தார்கள்
மீன் பெட்டியின் ரெஜிபோம் மூடியைத்
தலையில் பிடித்தபடி.
ஐம்பது ஐம்பதாய்க் கட்டிய இருக்கையை
யார் மழைக்கு விடுவான்?
தொள்ளாயிரத்தில் வந்தது பதினேழு.

இன்னும் ஒரு கணக்கு முடியவில்லை.

மேற்கில் ஐஸ் கொம்பனி.
முன்பெல்லாம் அதன் கூரையில்
நாற்பது பேர் ஓசியில் பார்ப்பார்கள்.
"இறங்குங்கடா" என்று கத்தியிருக்கிறோம்.
அவர்கள் திருப்பிக் கத்தியதுதான்
எங்கள் மைதானத்தின் பெரிய சத்தம்.
புதுக் காலரி அவர்கள் கண்ணுக்கு நேரே எழுந்தது.
முப்பத்தொன்பது பேர் இறங்கிப் போனார்கள்.
எங்கே என்று தெரியாது,
என் வாசலுக்கு இல்லை.

பியதிலக்க மட்டும் இன்னும் ஏறுகிறார்.
ஐஸ் உடைக்கிற மனிதர்,
கழுத்தில் சாக்குத் துண்டு.
எங்கள் சீமெந்தின் முதுகைப் பார்த்தபடி
தொண்ணூறு நிமிசம் குந்தியிருக்கிறார்.
நாங்கள் கத்தினால்
ஒரு மூச்சுப் பிந்தி அவரும் கத்துகிறார்.

நேற்று ஒரு கோல்.
மேல் வரிசையில் அல்போன்சஸ்
எழும்பி, மைதானத்துக்கு முதுகு காட்டி,
கூரையைப் பார்த்து
இரண்டு விரல், பிறகு ஒரு விரல் தூக்கினார்.
அங்கிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது.

இரவு கொப்பியை எடுத்தேன்.
பெயர்: பியதிலக்க.
இடம்: கூரை.
தொகை: ஐம்பது.
வரவா செலவா என்று
இன்னும் போடவில்லை.