கழுத்தில் நிற்பவை

கருப்பூரில் இரவு பதினொன்றரை.
முப்பது டிகிரியில் குலுங்கிக்கொண்டிருக்கிறது
ஈஸ்ட் குடுவை.
அறையெங்கும்
பேக்கரியின் பின்வாசல் வாசனை.

எட்டரைக்கு ஊற்றினேன் ஹைட்ராக்சியூரியா.
வெள்ளைத் தூள். உப்பென்று ஏமாறலாம்.
அண்ணன் மாதையன்
ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு விழுங்கும்
கேப்ஸ்யூலுக்குள்ளும் இதுதான்.
அவன் ரத்தத்தில் தட்டணுக்கள்
சொன்ன பேச்சு கேளாமல் பெருகுகின்றன.

லென்சுக்குக் கீழே
நகலெடுக்க எழுத்துகள் தீர்ந்துபோய்
பாதியில் கவட்டையாய் விரிந்து நிற்கும் இழையை
என்னால் பார்க்க முடியாது.
பார்க்க முடிவது இவ்வளவுதான்:
தாய் பருமனுக்கு மொட்டும் ஊதி
இரண்டுக்கும் நடுவில், கழுத்தில்,
உட்கரு அப்படியே நிற்கிறது.
உள்ளே யாரோ யாருக்கோ சொல்லியாகிவிட்டது:
புதிதாக எங்கும் தொடங்காதே,
இப்போது பிரியாதே.

பக்கத்துக் குடுவையில் இருப்பவற்றுக்கு
அதைச் சொல்லும் மரபணு இல்லை.
மருந்தில்லாத தட்டில் வைத்தால்
இதுவும் அதுவும் ஒரே வெண்மை, ஒரே வேகம்.
மருந்திட்டால்
பாதி எழுதியதைக் கிழித்துப் பங்கு போட்டுக்கொள்ளும்.
மூன்றாம் நாள் தட்டில்
சொட்டு வைத்த இடம் காலி.

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றபடி
இதைச் சொன்னேன் அவனிடம்.
"நின்னுபோனா செத்ததுதானே?"
இல்லண்ணா, மருந்தைக் கழுவினா மறுபடி ஓடும்.
வாயில் பீட்ரூட் துருவலோடு யோசித்தான்.
"அப்ப பனியில பதிமூணாவது வளைவுல
பத்து நிமிஷம் வண்டியப் போட்டதுக்கு
எனக்கு எதுக்கு மெமோ குடுத்தானுங்க?"

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
இழை அறுந்த செல்களில் சில
விடிய விடியக் காத்திருந்து பார்த்து,
அறுந்தது அறுந்தபடியே
பிரிந்து போய்விடுகின்றன.
பொறுமை தீர்ந்தா, வேறு கணக்கா,
யாரைக் கேட்பது.

பதினொன்று ஐம்பதுக்கு மிஸ்டு கால்.
அடிவாரம் வந்துவிட்டான் என்று அர்த்தம்.
மாத்திரை போட்டாயா என்று கேட்க எடுத்த போனை
வைத்துவிட்டு
மையவிலக்கியில் சுற்றி, வடித்து,
மூன்று முறை கழுவிப்
புது ஊடகத்தில் விட்டேன்.

ஒன்று பத்து.
ஓரத்தில் ஒன்று
கழுத்தைத் தாண்டியிருக்கிறது.
எண்ணும் கருவியை அழுத்துகிறேன்.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.