காலி

வேகண்ட் வேறு, எம்ப்டி வேறு என்று
எனக்குப் புரியவைத்தது அகராதி இல்லை,
வங்சா மாஜுவில் ஒரு வீட்டுத் தரகர்.

விளம்பரத்தில் வேகண்ட் என்றுதான் இருந்தது.
பதினான்காவது மாடி, ஒற்றை அறை, எழுநூறு ரிங்கிட்,
ஜன்னலைத் திறந்தால் ரயில்.
என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்துப் பேசியவர்
கடைசியில் பெயர் கேட்டார்.
யசோதரா சின்னப்பன்.
அப்பாவை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.
அந்தப் பக்கம் ஒரு பேனா உருண்டு விழுந்தது.
"ஐயோ மிஸ், நேற்றே ஆள் வந்தாச்சு லா."

மூன்று வாரம் ரயிலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.
பதினான்காவது மாடியில் விளக்கு இல்லை, கொடியில் துணி இல்லை.
எம்ப்டி. ஆனால் வேகண்ட் இல்லை.
எனக்கு எதிரே ஓர் இருக்கையில்
யாருடைய கைப்பையோ சொகுசாக உட்கார்ந்து வந்தது.

மலாயில் இந்தத் தொல்லை கிடையாது.
அறையும் கோசோங், சீனி போடாத தேநீரும் கோசோங்.
நமக்கும் ஒரே சொல்தான்:
போத்தல் காலி, வேலை காலி,
மாட்டிக்கொண்டால் ஆளே காலி.
வெள்ளைக்காரன் மட்டும் இரண்டு வைத்திருக்கிறான்,
உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று,
யார் வரலாம் என்பதற்கு ஒன்று.

பிறகு செந்தூலில் இடம் கிடைத்தது.
போன மாதம் ஹேமப்பிரியா ஜொகூருக்கு மாற்றலாகிப் போக,
"நீயே ஒரு ஆள் பாரேன்" என்றார் வீட்டுக்கார நேசமலர்.
விளம்பரத்தை நானே எழுதினேன்.
எந்தச் சொல்லைப் போட்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

செவ்வாய் இரவு ஒரு பெண் அழைத்தாள்.
உடைந்த மலாய், பின்னால் தட்டு கழுவும் சத்தம்.
பர்மாவா, நேப்பாளமா, நான் கேட்கவில்லை.
பெயர்தான் கேட்டேன்.
சொன்னாள். எனக்குக் கேட்கவில்லையோ என்று
இன்னொரு முறை, மெதுவாக,
எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

கீழே விழ என் கையில் பேனாகூட இல்லை.
"ஆள் வந்தாச்சு," என்றேன். "நேற்றே."
அந்த நேற்றே எங்கிருந்து வந்தது?

"தெரிமா காசே, காக்," என்றாள்.
அதை மட்டும் சுத்தமாகச் சொன்னாள்.

இன்று அந்த அறையைக் கூட்டினேன்.
நான்கு ஹேங்கர், பாதி டைகர் பாம்,
சுவரில் ஒட்டுப்படம் உரித்த தடம்.
வெளியே வரும்போது விளக்கை அணைத்தேன்.
பிறகு திரும்பிப் போய்ப் போட்டேன்.
நாலாவது மாடிதான்,
தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்.