சிக்கு

மதில்மேல் பூனை என்பார்கள்.
வினிபெக்கில் எங்கள் வீட்டுக்கு மதில் கிடையாது,
இடுப்பளவு கம்பிவேலி, அதையும்
நவம்பரிலேயே பனி மூடிவிட்டது.
ஆகவே மதில்மேல் இருந்தது நாங்கள் இருவரும்தான்,
நாலு வாரமாக.

செல்கர்க் போகும் வழியில் ஒக்ஸானாவின் அடுக்களை.
ஒரு கூடையில் சயாமிஸ்,
காதிலும் வாலிலும் அடுப்புக்கரி அப்பிய மாதிரி.
நாங்கள் பூட்ஸைக் கழற்றுவதற்குள்
மூன்று புகார் சொல்லிவிட்டது.
அடுத்த கூடையில் பெர்ஷியன்.
ஓடிவந்து கண்ணாடிக் கதவில் மோதி
அப்படியே நின்றுவிட்ட முகம், மீதியெல்லாம் பஞ்சு.
எங்களை ஒரு தடவை பார்த்தது,
போதும் என்று கண்ணை மூடிக்கொண்டது.

ஒக்ஸானா விலை பேசுவதற்கு முன் பயமுறுத்தினாள்.
இவனைத் தனியாக விட்டால் திரைச்சீலை மிஞ்சாது.
ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவான்,
பதில் சொல்ல ஆள் வேண்டும்.
இவளுக்குத் தினமும் சீப்பு.
ஒரு நாள் தவறினால் சிக்கு,
ஒரு வாரம் தவறினால் கத்தரிக்கோல்.
கண் ஒழுகும், வெந்நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும்.
கிண்ணம் ஆகாது, தட்டையான தட்டுதான்.
குறட்டை உண்டு.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு,
"வீடு எத்தனை மணி நேரம் காலியாக இருக்கும்?"

யாராவது இருப்போம் என்றேன் நான்.
பதினொன்று என்றாள் மேகலா, அதே நொடியில்.

நான் சயாமிஸ் பக்கம்.
லாரியோடு வாவா வரை போய்த் திரும்ப ஐந்து நாள்,
சாலை மூடினால் ஆறு.
அத்தனை நாளும் அந்த வீட்டில்
அவளோடு எதிர்த்துப் பேச
ஒரு வாயாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.
நல்ல எண்ணம்தான். எனக்கு நல்ல எண்ணங்கள்
பெரும்பாலும் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதுதான் வரும்.

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம்.
கார் சூடாகும்வரை
எங்கள் மூச்சு கண்ணாடியில் உறைந்துகொண்டிருந்தது.
அவள் அதை நகத்தால் சுரண்டியபடி சொன்னாள்:
"காலையிலிருந்து காதில் மாட்டிக்கொண்டு
யார் யாருக்கோ பில் எகிறியதற்கு
நான் மன்னிப்புக் கேட்கிறேன்.
வீட்டுக்கு வந்தும் ஒரு குரலா?
என் கைக்கு ஒரு வேலை கொடு.
வாய்க்கு வேண்டாம்."

எஞ்சினை அணைத்தேன்.

பெர்ஷியனை அவள் கோட்டுக்குள் பொதிந்து எடுத்துவர
சயாமிஸ் வாசல்வரை வந்து கத்தியது.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
நான் அங்கே நின்று கேட்டேன்.
என்னைத்தான் திட்டியது என்று இன்றும் நம்புகிறேன்.

பெயர் வைக்கும் உரிமை எனக்கு, ஆறுதல் பரிசாக.
இடியாப்பம் என்றேன்.
அவள் சிரித்தது ஒக்ஸானாவுக்கு விளங்கவில்லை.

இப்போது வாவாவில், ட்ரக் நிறுத்தத்தில்,
முப்பத்தொன்றுக்குக் கீழே.
கேபினில் ஹீட்டரும் போனும்தான் விழித்திருக்கின்றன.
"இடியாப்பத்தை ஏதாவது பேசச் சொல்."
"அது பேசாது."
போனைத் தரையில் வைக்கிறாள்போல.
சர். சர்.
ரோமத்தில் சீப்பு இறங்கும் சத்தம்.

பனிவண்டிக்காரன் வாசலை அடைத்துவிட்டுப் போனானாம்.
சர்.
வெட்டர்னரி பில் நூற்றுத் தொண்ணூறு.
சர்.
ஹெட்செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு
திரும்பப் படிக்கலாமா என்று பார்க்கிறாள்,
போன வருஷத்திலிருந்தே.
சர்.

போன வருஷத்திலிருந்தேவா?
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
சீப்பு நின்றிருந்தது.
"இரு, கழுத்தடியில் ஒரு சிக்கு,
அவிழமாட்டேன் என்கிறது.
போனை வைத்துவிடாதே."