எட்டுக்கு எட்டு

முகத்துக்கு அறுபத்து நான்கு புள்ளிகள்தான்.
கண்ணுக்கு நான்கு போய்விடும், வாய்க்கு இரண்டு.
மிச்சத்தில்
ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும்.

பெலெம் நகரத்தில்
மாமரங்கள் கார்களின் மேல் காய் போடும் தெருவில்
ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்று மணி மழைக்கு ஆள் வராது.
அப்போது
கட்டம் கட்டமாய் உலகம் எழுப்பும் அந்த விளையாட்டுக்கு
உடம்பு வரைந்து விற்பேன்.
ஒரு ஸ்கின் எட்டு ரியால்.

விரித்தால் தோல்
இஸ்திரிக்கு வந்த சட்டைபோலக் கிடக்கும்.
இங்கே கை, அங்கே முதுகு,
உச்சந்தலை மட்டும் தனியாக, மூடிபோல.

நிழல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.
ஓரமெல்லாம் கருக்கி நடுவை வெளுப்பாக்கும்
தலையணை நிழல் எனக்கு ஆகாது;
போட்டால், ஆள் பஞ்சடைத்துக்கொண்டு நடப்பான்.
கண்டபடி புள்ளி தூவிவிட்டு
'துணியின் சொரசொரப்பு' என்பவர்களும் இருக்கிறார்கள்.
அது துணி இல்லை, சொறி.
நான் சூரியனை இடது மேல்மூலையில் நிறுத்துவேன்.
இருட்டுக்குக் கறுப்பைத் தொடமாட்டேன்.
பழுப்பை ஊதாப் பக்கம் சாய்ப்பேன்,
வெளிச்சத்தை மஞ்சள் பக்கம்.

மகப்பாவிலிருந்து தைனாரா எழுதினாள்.
வயது பதினொன்று.
அவளே எடுத்த படம் ஒன்று.
மாநிறம்.
இடக் கண்ணைச் சுற்றி, வாயோரம், தாடையில்
வெண்புள்ளி.
'இதேபோல' என்று மட்டும் கீழே.

இரண்டு இரவு உட்கார்ந்தேன்.
திட்டுகளை நெற்றியின் மினுக்கத்தோடு குழைத்தேன்.
ஓரங்களில் இடைநிறம் வைத்து இளக்கினேன்.
அழகாகத்தான் வந்தது.
தப்பே அதுதான்.

'அக்கா, இதில் என்மேல் வெயில் அடிக்கிறது.
எனக்கு இருப்பது வெயில் இல்லை.
குகைக்குள் போனாலும் கூட வரும்.'

அந்நேரம் பிறப்புச் சான்றிதழோடு ஒருவர் வந்தார்,
ஆறு பிரதி.
கண்ணாடிக்கடியில் வெளிச்சம் போய்த் திரும்பியது,
எந்தப் பக்கமும் சாயாமல்.
நான்காவது மங்கல் என்று சண்டை போட்டார்.
மங்கல்தான்.
திரும்ப எடுத்துக் கொடுத்தேன்.

அவளைக் கேட்டேன்:
அப்படியென்றால் உனக்கு வெயில் எங்கிருந்து வரும்?

'எங்கள் ஊருக்குள் பூமியின் நடுக்கோடு போகிறது.
மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம்
நிழல் செருப்புக்கடியில் ஒளிந்துகொள்ளும்.
பள்ளிக்கூடத்தில் வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.
அன்றைக்குத்தான் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.'

இடது மேல்மூலையை அழித்தேன்.
சூரியனை உச்சிக்கு ஏற்றினேன்.
மாநிறத்துக்கு நான்கு படி இறங்கும் இருட்டு,
வெள்ளைக்கு அதன் சொந்த நான்கு படி.
தாடைக்கடியில் இரண்டும் இருளும்,
இது ஊதாவாக,
அது சாம்பல் கலந்த ரோஜாவாக.
ஓரத்தில் குழைவு இல்லை.
புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி,
கடலும் கரையும்போல என்று சொல்ல வந்தது வாய்.
இல்லை,
தோலுக்குப் பக்கத்தில் தோல்.

மறுநாள் சுரங்கத்திலிருந்து படம் அனுப்பினாள்.
கையில் தீப்பந்தம்,
பின்னால் நிலக்கரி, ஒரு வாத்து
(வாத்து எப்படி வந்ததென்று கேட்கவில்லை).
இருட்டு அவள் முகத்தைப் பாதி தின்றிருந்தது.
மிச்சப் பாதியில்
அது இருந்தது, இருக்கிற இடத்தில்.

கூடவே ஒரு வரி:
'படம் கண்ணாடிபோல் திரும்பியிருக்கிறது அக்கா.
அது வலது கண்.'

முகத்தை இடம் வலமாகப் புரட்டினேன்.
எல்லாப் புள்ளியும் அக்கரைக்குப் போயிற்று.
உச்சி வெயில்,
அதனால் நிழலில் ஒன்றைக்கூடத்
திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஐந்து ரியால் வந்திருக்கிறது.
மூன்று வெள்ளிக்கிழமை தருவாளாம்.