பெட்டி நாற்பது

ராத்திரியே ஒத்திகை பார்த்துவிட்டேன்:
பெட்டி நாற்பதுக்குப் போகும்,
வண்டி வாடகையும் கையை விட்டுத்தான்.
அதனால் ராயக்கோட்டை மண்டியில்
விடியுமுன் ஏலக்காரர் நாற்பது என்றபோது
தெரிந்த ஆள் எதிரே வந்ததுபோல் இருந்தது.

பக்கத்தில் திம்மராயன்
மூன்று பெட்டியை ரோட்டில் கொட்டி
மிதித்தான். செருப்பெல்லாம் சிவப்பு.
அவனைக் குறை சொல்ல நான் யார்,
போன ஆடியில் நானும் மிதித்தவள்.
தக்காளிக்கு வலிக்கவில்லை. விலையும் ஏறவில்லை.

விலை அவர் வாயில்.
மழை ஓசூர்ப் பக்கம் எங்கோ.
என் கையில் இருப்பது
இந்தப் பெட்டியின் அடித்தட்டு மட்டும்:
அழுகலை அங்கே ஒளிக்கலாம்,
ஒளிக்காமலும் இருக்கலாம்.
நாற்பது ரூபாய்க்கு யார் கிளறிப் பார்க்கப் போகிறார்கள்?
பொறுக்கி எறிந்தேன்,
ஆயிரத்துக்கு விற்ற நாளில்
எறிந்த மாதிரியே.

முப்பது பெட்டி. கணக்கு முடிந்தது.
கை நடுங்கவில்லை. கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம் மினிபஸ்ஸில்
கண்டக்டர் மீதி ரெண்டு ரூபாய் தரவில்லை.
கெலமங்கலம் வரைக்கும்
தொண்டை கட்டச் சண்டை போட்டேன்.

இன்றிரவு
அதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டும்.