டேங்குக்குப் பின்னால்

பெயிண்டுக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன்,
இல்லையென்றால் நீங்களே அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்
வீட்டுக்காரர் ராக்கியண்ணன்.
ஹாலும் சமையல்கட்டும் ஞாயிறு பொழுதோட முடிந்தன.
பாத்ரூமில் மூணு சுவர் ரோலருக்கே அடங்கியது.
நாலாவதில் நிற்கிறது
வெஸ்டர்ன்.

அது எங்களுது.
இவருக்கு முட்டிச் சில்லு பேந்த வருசம்
பழைய இந்தியனை உடைத்து
ஒன்பதாயிரம் போட்டு வைத்தது.
கழட்டிக்கொண்டு போக முடியாது.
"உங்க பீங்கானுங்க,
அதும் பின்னால நீங்கதான் பாத்துக்கோணும்."
விட்டுப் போவது அவருக்கு,
பின்னால் இருப்பது எங்களுக்கு.

டேங்குக்கும் சுவருக்கும் நடுவே மூணு விரக்கடை.
பிரஷ் போகும்.
பிரஷ்ஷைப் பிடித்த கை போகாது.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட்,
எந்த நாட்டுக் குழந்தையின் தோளுக்கோ வெட்டி மிஞ்சியது,
அதை மகன் விட்டுப்போன மரஸ்கேலில் சுற்றி
ரப்பர் பேண்டு போட்டேன்.
தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி
தொட்டு, வழித்து,
உள்ளே விட்டேன்.
முதலில் வந்தது ஒட்டடை.
அப்புறம் பல்லிமுட்டை ஓடு.
தரையில் படுத்து
கன்னத்தைப் பீங்கானில் ஒட்டிவைத்துப் பார்த்தால்
கொத்தனார் பூசிவிட்டுப் போன சிமெண்டு அப்படியே.
ரெண்டு கோட்டையும் குடித்துவிட்டு
சாம்பலாகவே என்னைப் பார்த்தது.

இவர் வாசலில் நின்று செல்போன் லைட் அடித்தபடி
"அக்கட்டால விட்டுப்போச்சு பாரு
இக்கட்டால ஒழுகுது பாரு"
முட்டி மடங்காதவருக்கு
நாக்கு நன்றாக மடங்கியது.
நீங்களே வந்து அடிங்க என்று
ஸ்கேலை நீட்டினேன்.

வந்தார்.
மூடியைக் கவிழ்த்து
சுவரைப் பார்த்தபடி
டிவிஎஸ் வண்டியில் ஏறுவது போல் ஏறி
வலிக்கிற காலைக் கதவுப் பக்கம் நீட்டிவிட்டு
டேங்கைக் கட்டிப்பிடித்தார்.
நீளக் கை.
பின்னால் வலது கை ஸ்கேலை நீட்ட
இடது கை வாங்கிக்கொண்டது.
காதை டேங்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு
எனக்கும் தெரியாத அவருக்கும் தெரியாத இடத்தை
தடவித் தடவி அடித்தார்.

நான் பவுடர் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து
மேல, இன்னும் மேல,
அதில்லீங்க, சோத்துக்கைப் பக்கம் என்றேன்.
கண்ணாடிக்குள் சோத்துக்கை எது பீச்சாங்கை எது,
எனக்கே குழம்பியது.
"வண்டி எங்க போவுதுங்க?"
"சென்னிமலை ஏத்தம். பேச்சுக் குடுக்காத."
சிரித்ததில் ஸ்கேல் உள்ளே விழுந்து
சீமாத்துக் குச்சியால் நோண்டி எடுக்கக்
கால்மணி நேரம்.

இருபத்தாறு வருசத்தில் ஒருநாளும்
என்னை அப்படிப் பிடித்ததில்லை,
அந்த டேங்கைப் பிடித்த பிடி.
சொல்லவில்லை.

மறுநாள் ராக்கியண்ணன் வந்தார்.
பாத்ரூம் லைட்டைப் போட்டார்,
அணைத்தார்.
ஹாலில் காலண்டர் ஆணி ஓட்டைக்கு
ஐநூறு பிடித்துக்கொண்டார்.
அங்க சித்த குனிஞ்சு பாருங்க என்றேன்,
விட மனசில்லாமல்.
"முட்டி வலிங்கம்மிணி, குனிய ஏலாது" என்றவர்
மறுபடி லைட்டைப் போட்டு
மூடியை ஒரு தட்டுத் தட்டி,
உட்கார்ந்து பார்த்தார்.
"இது எனக்கு ஆகுமாட்ட இருக்குதுங்க."

சாமான் ஏற்றிய சின்ன யானை
ஊத்துக்குளி ரோட்டில் திரும்புகிறது.
புது வீட்டிலும் இந்தியன்தான்,
உடைத்துத்தான் வைக்கோணும்.
"இந்தத் தடவை செவுத்த மொதல்ல அடிச்சிருவம்,
அப்புறம் பீங்கான வெக்கலாம்" என்கிறார்,
ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய புத்தியை
எனக்கே திருப்பிச் சொல்லி,
காதோரம் காய்ந்துபோன வெள்ளையை
என்னவென்று தெரியாமல்
சொறிந்துகொண்டு.